உழைத்து ஓய்ந்த யானைகளும் நம் கடமையும்

பெருந்தொழில் என்ற சொல்லைக் கேட்டவுடன் இரும்பும் நெருப்பும் நீராவியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அந்த இயந்திரங்களின் வாயிலுக்குப் பொருளைக் கொண்டுவந்து சேர்த்தவை எவை என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. சூளையிலே செங்கல்லைச் சுமந்தது கழுதை. ஆலைக்குக் கரும்பை இழுத்து வந்தது எருது. மலைப் பாதையில் மூட்டை தூக்கியது கோவேறு கழுதை. மர அறுவை ஆலைக்குக் காட்டிலிருந்து பெருமரங்களை இழுத்துத் தந்தது யானை. கூலி கேட்க வாயில்லாத இந்தத் தொழிலாளிகளை வதையினின்றும் காப்பது எங்ஙனம் என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு உதாரணமாக, வங்கக் கடலின் நடுவே உள்ள அந்தமான் தீவுகளின் மரத்தொழில் யானைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் வரலாறு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. வேலை வாங்கும்போது வதைக்காமல் இருப்பது கடமையின் பாதியே. வேலை முடிந்த பின் கைவிடாமல் இருப்பது மற்றப் பாதி.

அந்தமான் தீவுகளில் இயற்கையாக யானை கிடையாது. அங்கே வாழ்ந்த யானைகள் யாவும் மனிதன் தன் தேவைக்காகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவையும் அவற்றின் சந்ததிகளுமே ஆகும். 1858ஆம் ஆண்டு ஆங்கில அரசாங்கம் அங்கே கைதிகளின் குடியேற்றத்தைத் தொடங்கிற்று. 1883ஆம் ஆண்டில் வனத்துறை ஏற்பட்டது. அதே ஆண்டில் போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில் மர அறுவை ஆலையும் நிறுவப்பட்டது. இந்தப் போர்ட் பிளேர் நகருக்குத்தான் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் வீசிய குண்டுகளால் சாத்தம் ஆலை சேதமுற்று, பின்னர்ச் செப்பனிடப்பட்டது. செந்நிறமுடைய படாக் மரமும், நெடிதுயர்ந்த கர்ஜன் மரமும் அந்த ஆலையின் வழியே உலகெங்கும் சென்றன. வனத்தொழில் பெருகப் பெருக ஆட்கள் தேவைப்பட்டனர். சோட்டா நாகபுரியிலிருந்து பழங்குடித் தொழிலாளர்கள் வந்தனர். 1925ஆம் ஆண்டு முதல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தர் பகுதியில் குடியேறினர். மனிதர்களோடு யானைகளும் வந்தன.

யானைக்கு அங்கே என்ன வேலை? அந்தமான் காடு மேடும் பள்ளமுமானது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி. அந்தச் சேற்றுச் சரிவுகளில் வண்டியும் இயந்திரமும் செல்ல இயலாத இடங்களுக்கு யானை சென்றது. வெட்டி வீழ்த்திய அடிமரத்தில் சங்கிலியைப் பூட்டி, அதன் மறுமுனையை யானையின் மார்பில் இட்ட பட்டையோடு இணைப்பார்கள். யானை அதனைப் பாதை வரையிலோ, உப்பங்கழியின் கரை வரையிலோ இழுத்து வரும். அங்கே நெற்றியாலும் துதிக்கையாலும் கொம்பாலும் மரங்களைத் தள்ளி ஒழுங்காக அடுக்கும். பின்னர் மரங்கள் தெப்பமாகக் கட்டப்பட்டுக் கடல் வழியே ஆலைக்குச் செல்லும். ஒரு தீவில் வேலை முடிந்தால் மறு தீவுக்குச் செல்ல வேண்டும். ஆகவே சில யானைகள் கடலில் நீந்திச் செல்லவும் பழக்கப்பட்டன.

இவ்வளவு பெரிய உடலை யார் வதைக்க முடியும் என்று சிலர் கேட்கலாம். வதை என்றால் சாட்டையும் அங்குசமும் மட்டும் அன்று. யானையின் உடலமைப்பை அறிந்தால் வதை எந்த வழியிலெல்லாம் வரும் என்பது விளங்கும். யானையின் உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. உடற்சூட்டைத் தணிக்க அது பெரும்பாலும் தன் அகன்ற காதுகளையும், நீரையும், சேற்றையும், நிழலையுமே நம்பியிருக்கிறது. நண்பகல் வெயிலில் அதை இழுக்கச் செய்வது அதன் உயிரோடு விளையாடுவதாகும். வளர்ந்த யானைக்கு நாள்தோறும் 150 கிலோகிராமுக்கு மேல் பசுந்தீவனம் வேண்டும். அதை மென்று தின்ன நெடுநேரம் வேண்டும். இரவும் பகலும் வேலை வாங்கிவிட்டுத் தீவனத்தைக் குவித்து வைத்தாலும் பயனில்லை. தின்ன நேரம் கொடுக்காததும் பட்டினி போடுவதும் ஒன்றே. மார்புப் பட்டையும் முதுகுத் திண்டும் சரியாகப் பொருந்தாவிடில் தோல் உராய்ந்து புண்ணாகிச் சீழ் பிடிக்கும். ஈரத்திலும் முள்ளிலும் நடந்த காலில் நகம் வெடித்துப் புரையோடும். மதம் கொண்ட ஆண் யானையை வேலையில் பூட்டினால், அதற்கும் தீங்கு, பாகனுக்கும் தீங்கு.

இவற்றைத் தவிர்ப்பதற்கான வழிகளை நம் நாட்டு அனுபவமே கற்றுத் தந்திருக்கிறது. ஆனைமலையின் உச்சியிலிருந்து மரங்களைச் சரிவிலே உருட்டிவிட்ட இடத்திற்கு டாப்ஸ்லிப் என்ற பெயர் வந்தது. அங்கும், நீலகிரியின் முதுமலையிலும் அரசாங்க யானைகள் பல்லாண்டுகள் மரம் இழுத்தன. அந்த முகாம்களில் ஒவ்வொரு யானைக்கும் ஒரு மாவுத்தரும், அவருக்கு உதவியாகக் காவடி என்று அழைக்கப்படும் ஆளும் உண்டு. ஆற்றில் படுக்கவைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவது அழுக்கு நீங்குவதற்காக மட்டும் அன்று. உடம்பில் எங்கே புண், எங்கே வீக்கம் என்று கண்டுகொள்வதற்கும் அதுவே தக்க நேரம். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம், உப்பு முதலியவற்றைச் சேர்த்துக் கவளமாக ஊட்டுவார்கள். மீதி நேரத்தில் யானை காட்டிலே மேய்ந்து வரும். யானை மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய முகாம்களிலும் தமிழகத்துக் காடுகளிலுமே செலவிட்டார். மருத்துவரின் கண்ணும் மாவுத்தரின் கையும் ஒத்துழைக்கும் இடத்தில்தான் வேலை செய்யும் விலங்கு நலமாக வாழ்கிறது என்பதற்கு அந்த முகாம்கள் சான்றாக நின்றன.

ஆயினும், நல்ல மனிதர்களின் இரக்கத்தை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது, சட்டமும் வேண்டும். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, 1953ஆம் ஆண்டில் மிருகவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தாமே கொண்டுவந்தார். அரசாங்கமே இதனைச் செய்யும் என்று பிரதமர் நேரு அவர்கள் உறுதி அளித்ததன்பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பயனாக 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962ஆம் ஆண்டில் ஏற்பட்ட விலங்கு நல வாரியத்திற்கு அம்மையாரே முதல் தலைவராக இருந்தார்.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு எவை எவை வதை என்று வகுத்துக் கூறுகிறது. அடிப்பதும், அளவுக்கு மீறிச் சுமத்துவதும், ஓயாமல் ஓட்டுவதும் குற்றம். முதுமையாலோ நோயாலோ புண்ணாலோ தகுதியிழந்த பிராணியை வேலை வாங்குவதும் குற்றம். இவற்றோடு, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில், தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிட்டுச் செல்வதும் குற்றம் என்று அது சொல்கிறது. இந்தக் கடைசி வாசகத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். அன்றைய சட்டம் முதற் குற்றத்திற்கு விதித்த அபராதம் 50 ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தது. அந்தச் சிறு தொகை, சட்டத்தின் நோக்கத்திற்கும் அதன் வலிமைக்கும் இடையே இருந்த தூரத்தைக் காட்டுகிறது.

1965ஆம் ஆண்டில் இச்சட்டத்தின்கீழ், வண்டி இழுக்கும் பிராணிகளுக்கும் பொதி சுமக்கும் பிராணிகளுக்கும் தனி விதிகள் வந்தன. கழுதையின்மேல் 50 கிலோகிராமுக்கு மேல் ஏற்றலாகாது, மட்டக்குதிரைக்கு 70, கோவேறு கழுதைக்கு 200, ஒட்டகத்திற்கு 250. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் இடைவிடாமல் ஓட்டலாகாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில், பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டலாகாது. எளிய மனிதனும் புரிந்துகொண்டு பின்பற்றத்தக்க நல்ல விதிகள் இவை. ஆனால், அந்தச் சுமைப் பட்டியலில் யானை இடம்பெறவில்லை. யானைக்கென்று தனி விதிகளை வகுக்கப் பல்லாண்டுகள் ஆயின. கேரளம் 2003ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2011ஆம் ஆண்டிலும் வளர்ப்பு யானைகளின் பராமரிப்பு விதிகளை வெளியிட்டன.

இனி அந்தமானுக்குத் திரும்புவோம். 1950களில் வட அந்தமான் காடுகளில் மரம் வெட்டும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்திற்குக் கொடுக்கப்பட்டது. அந்நிறுவனம் யானைகளைக் கொண்டுவந்து தொழில் நடத்தியது. விலங்கு நல வாரியம் தோன்றிய அதே 1962ஆம் ஆண்டளவில் அந்தத் தொழில் நின்றுபோயிற்று. அங்கு வேலை பார்த்த யானைகளில் ஏறத்தாழ நாற்பது, நடு அந்தமானுக்கு மேற்கேயுள்ள இண்டர்வியூ தீவில் விடப்பட்டன. ஏதும் அறியாத அந்த உயிர்கள் பாகனும் இன்றி, மருத்துவரும் இன்றி, சுற்றிலும் கடல் சூழ்ந்த நிலத்தில் தம் வாழ்வைத் தாமே தேடிக்கொண்டன. சில பிழைத்து, ஈன்று, இனம் பெருக்கின. அருகிலுள்ள தீவுகளுக்கும் நீந்திச் சென்றன. பழகிய யானைகள் காட்டு யானைகளாயின.

விடுதலை கிடைத்ததே, அது நல்லதன்றோ என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. இண்டர்வியூ தீவின் பரப்பு ஏறத்தாழ 133 சதுர கிலோமீட்டரே. யானையையே அறியாமல் வளர்ந்த காடு அது. யானைகள் மரப்பட்டைகளை உரித்தன. மூங்கிலையும் பிரம்பையும் தாழையையும் தின்று அழித்தன. மனிதன் கொண்டுவந்து விட்ட மற்றொரு விலங்காகிய புள்ளிமான், புதிதாக முளைக்கும் கன்றுகளை மேய்ந்தது. பெரிய மரம் சாய்ந்தால் அதன் இடத்தில் சிறிய மரம் எழ வழியின்றிப் போயிற்று. இத்தீவு பின்னர் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையோ, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, 1977 முதல் உச்சப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. யானையைக் காப்பதா, தீவின் காட்டைக் காப்பதா என்ற தர்மசங்கடம் இதனால் எழுந்தது. அந்தச் சங்கடத்தை உண்டாக்கியது யானை அன்று. கணக்கை முடிக்காமல் கடையைக் கட்டிய மனிதனின் செயலே அதற்குக் காரணம்.

நாற்பதாண்டுகள் சென்றபின் இதே கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், அந்தமானில் இயற்கையாக வளர்ந்த மரங்களை வணிகத்திற்காக வெட்டுவதைத் தடுத்தது. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் வரம்புக்குட்பட்டு இடம் தந்தது. காட்டுக்கு அது நல்ல தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், மரம் இழுப்பதையே தொழிலாகக் கொண்ட யானைக்கும், அதன் பாகனுக்கும் அந்த நாளோடு பிழைப்பு போயிற்று. மரமும் யானையும் ஒருசேரக் காக்கப்பட வேண்டுமாயின், தடை விதிக்கும்போதே ஓய்வுக்கும் வழி வகுக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

இவ்விடத்தில் ராஜன் என்ற யானையின் பெயரைக் குறிப்பிடுவது பொருந்தும். மரத்தொழிலுக்காக 1970களில் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட கொம்பன் அது. தீவு விட்டுத் தீவு செல்லக் கடலில் நீந்தப் பழகியது. மரம் வெட்டுவது நின்றபின் அது ஹேவ்லாக் தீவில், அதாவது 2018ஆம் ஆண்டு முதல் ஸ்வராஜ் தீவு என்று வழங்கும் இடத்தில், ஒரு விடுதியாரின் பராமரிப்பில் வாழ்ந்தது. கடலில் நீந்தும் யானை என்று உலகமெங்கும் அதன் படங்கள் பரவின. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 66ஆவது வயதில் அது மாண்டது. முதுமையில் தன்னைக் கவனிக்கும் மனிதர்கள் அதற்குக் கிடைத்தார்கள். ஆனால் அது புகழ் பெற்ற யானை. புகழ் இல்லாத யானைக்கும் அந்த நல்வாழ்வு கிடைக்குமாறு செய்வதன்றோ முறையான ஏற்பாடு?

பிற நாடுகளிலும் இதே நிலை ஏற்பட்டிருக்கிறது. தாய்லாந்தில் 1988ஆம் ஆண்டின் இறுதியில் பெருவெள்ளம் ஏற்பட்டு மலைச் சரிவுகள் இடிந்து மக்கள் மாண்டனர். காடழிப்பே காரணம் என்று கண்டு, 1989ஆம் ஆண்டு ஜனவரியில் அரசாங்கம் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. வேலையிழந்த யானைகளைப் பாகர்கள் பாங்காக் நகருக்கு ஓட்டி வந்தனர். காட்டில் மரம் இழுத்த யானைகள், மோட்டார் வண்டிகளுக்கு நடுவே, வாழைப்பழத்துக்காகக் கைநீட்டி நின்றன. பின்னர் 1993ஆம் ஆண்டில் லம்பாங் என்னும் இடத்தில் யானைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை தோன்றிற்று. மியன்மாரில் மரத்தொழில் யானைகளுக்கு வெயில் காலத்தில் ஓய்வும், தனித்தனிப் பதிவேடும் அளிக்கும் பழக்கம் நெடுநாளாக இருந்தது. ஆயினும், 2014ஆம் ஆண்டில் அந்நாடு உருட்டு மரங்களின் ஏற்றுமதியை நிறுத்தியபோது அங்கேயும் பல யானைகள் வேலையின்றி நின்றன.

ஓய்வு என்பது யானைக்கு ஆடம்பரம் அன்று, உடலியல் தேவை. யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. ஆறாவது வரிசையும் தேய்ந்தபின் வேறு பல் கிடையாது. அறுபது வயதை ஒட்டிய யானையால் கடினமான மூங்கிலையும் மரக்கிளையையும் மென்று தின்ன முடியாது. அப்பொழுது அதைக் காட்டிலே விட்டுவிட்டால், பசுமைக்கு நடுவே நின்றுகொண்டே அது பட்டினியால் மெலியும். மென்மையான புல்லும், வேகவைத்த தானியமும் கொடுத்துக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். தமிழக வனத்துறை முகாம் யானைகளுக்கு ஓய்வு தரும் வழக்கத்தின் பெருமையை இங்கே உணரலாம். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆனைமலையின் கோழிகமுத்தி முகாமில், கலீம் என்ற கும்கி யானை 60ஆவது வயதில் பணி ஓய்வு பெற்றது. வனத்துறையினர் வரிசையில் நின்று அதற்கு மரியாதை செலுத்தினர். ஓய்வு பெற்ற யானைக்கு உணவும் மருத்துவமும் தொடர்கின்றன. வேலை மட்டும் இல்லை. மனிதனுக்கு அளிக்கும் ஓய்வூதியத்தின் நியாயம் இதிலும் இருக்கிறது.

பெரிய விலங்குக்குச் சொன்னது சிறிய விலங்குக்கும் பொருந்தும். நம் நாட்டில் கழுதைகளின் எண்ணிக்கை 2012ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3,20,000 ஆக இருந்தது. 2019ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 1,20,000 ஆகக் குறைந்துவிட்டது. வெளுப்புத் தொழிலும் பொதி சுமக்கும் வேலையும் மறைந்து வருவதே இதற்கு ஒரு முக்கிய காரணம். செங்கற் சூளைகளில் எஞ்சி உழைக்கும் கழுதை, அளவுக்கு மிஞ்சிச் சுமந்து, முதுகு புண்ணாகி, உழைக்க முடியாதபோது தெருவிலே விடப்படுமாயின், அதன் துயரத்துக்கும் தீவில் விடப்பட்ட யானையின் துயரத்துக்கும் வேற்றுமை இல்லை. யானையைக் கண்டு வியக்க ஆயிரம் பேர் கூடுவர். கழுதைக்காகப் பேச ஒருவர் வருவது அரிது. ஆகையால் அதற்குச் சட்டத்தின் துணை இன்னும் மிகுதியாக வேண்டும்.

அப்படியானால் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, வேலை செய்யும் ஒவ்வொரு பிராணிக்கும் வயது, நோய், சிகிச்சை ஆகியவற்றைக் காட்டும் பதிவேடு இருத்தல் வேண்டும். இரண்டாவது, சுமைக்கும் நேரத்துக்கும் வெயிலுக்கும் உள்ள வரம்புகள் தொழில் நடக்கும் இடத்திலேயே மக்கள் படிக்கும் மொழியில் எழுதி வைக்கப்பட வேண்டும். மூன்றாவது, பிராணியின் உழைப்பால் கிடைக்கும் வருவாயில் ஒரு பகுதியை அதன் முதுமைக்கென ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு, தொழிலுக்கு உரிமம் வழங்கும்போதே செய்யப்பட வேண்டும். தொழில் முடங்கிய பிறகு பணத்தைத் தேடுவது, வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும். நான்காவது, பாகனையும் கழுதைக்காரனையும் மறத்தலாகாது. வயிறு காய்ந்த பாகனிடம் யானையின் வயிற்றைக் கவனி என்று சொல்வதில் பயனில்லை. அவர்களுடைய கூலியும் பயிற்சியும் பிராணியின் நலத்தோடு பிணைந்தவை.

நேயர்களும் தம்மால் இயன்றதைச் செய்யலாம். புண்பட்ட முதுகின்மேல் சுமை ஏற்றப்படுவதைக் காணும்போது, உரியவரிடம் அன்போடு எடுத்துச் சொல்லலாம். கேளாவிடில் கால்நடை மருத்துவமனைக்கோ, மிருகவதைத் தடுப்புச் சங்கத்திற்கோ, காவல் நிலையத்திற்கோ தெரிவிக்கலாம். வீடு கட்டுவோர், தமக்குச் செங்கல் வரும் சூளையில் பிராணிகள் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்று ஒரு வார்த்தை கேட்கலாம். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் திருந்துவர்.

அந்தமான் மரத்தால் செய்த மேசைகளும் கதவுகளும் இன்னும் எத்தனையோ மாளிகைகளில் உறுதியாக இருக்கின்றன. அவற்றின் விலையில் தச்சனின் கூலி சேர்ந்திருந்தது. கப்பலின் வாடகை சேர்ந்திருந்தது. அந்த மரத்தைச் சேற்றிலிருந்து இழுத்துவந்த விலங்கின் முதுமைக்கான செலவு மட்டும் சேரவில்லை. இனி எந்தத் தொழிலிலும் அந்தச் செலவு கணக்கில் ஏறவேண்டும். அது தருமம் அன்று; நாம் செலுத்த வேண்டிய கூலியின் பாக்கி.